அன்றைய கடைவீதியும் இன்றைய நம் கடைவீதியும்

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் இளைஞர்கள் மேடையேறினால் பாக்தாத், கெய்ரோ, குர்துபா என்று பழம்பெருமை பேசாமல் இறங்குவதில்லை. பேசட்டும், தவறில்லை. ஆனால் அந்த ஊர்களில் ஒரு சாதாரண மனிதன் காலையில் எழுந்து இரவு படுக்கும் வரை எப்படி வாழ்ந்தான் என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா?

பயணி இப்னு பதூதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1325-இல், தமது 21-வது வயதில், மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர். மறு ஆண்டு கெய்ரோ வந்தார். ஒட்டகத்தில் தண்ணீர் கொண்டுவந்து தருபவர்கள் மட்டும் அங்கே 12,000 பேர் என்று சொல்லக் கேட்டு எழுதி வைத்தார். நைல் நதி ஓடும் ஊரிலேயே குடிநீருக்கு அந்தப் பாடு!

அதே ஆண்டு டமாஸ்கஸில் திருமணம் செய்து, கர்ப்பிணி மனைவியை விட்டுப் பயணம் தொடர்ந்தார். மகன் பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது கிடைத்தது. மகிழ்ந்துபோய் 40 பொற்காசுகள் அனுப்பினார். 1348-இல் டமாஸ்கஸ் திரும்பி மகனைப் பற்றி விசாரித்தார். மகன் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன! ஊரில் தந்தை மறைந்து 15 ஆண்டுகள் ஆன செய்தியும் அங்கேதான் தெரிந்தது. தாய் இருக்கிறார் என்ற ஆறுதலோடு ஊர் திரும்பினார். வழியிலேயே, தாயும் கொள்ளைநோய்க்குப் பலியான செய்தி வந்தது.

இளைஞனே! பிழைப்புக்காக வளைகுடா சென்ற நீ, நினைத்த நொடியில் உன் தாயின் முகத்தைக் கைபேசியில் பார்க்கிறாய். பேரரசர்களுக்கும் கிடைக்காத பாக்கியம் இது. ஆனால் கடைசியாக எப்போது பேசினாய்?

அவர் 1340-களில் நம் மதுரைக்கும் வந்தார். ஊரே கொள்ளைநோயில் துடித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் கடும் காய்ச்சல். புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் பிழைத்தார். அன்று ஊர் உலகம் சுற்றிய அறிஞருக்குக் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான். இன்று நம் தெருமுனை மருந்துக்கடையில் இருப்பது அன்றைய சுல்தானின் அரண்மனையில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அன்றைய சந்தைகளில் துணியும் மிளகும் விற்றதுபோல மனிதர்களையும் விற்றார்கள். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று பேசுபவர்கள், தாம் எந்த வரிசையில் நின்றிருப்போம் என்று யோசித்துவிட்டுப் பேசட்டும்!

அப்படியானால் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வசதி குறைவாக இருந்தது. ஆனால் பொறுப்பை விட்டுவிடவில்லை.

சந்தைக்கு முஹ்தஸிப் என்ற கண்காணிப்பாளர் இருந்தார். அவருக்கு வழிகாட்டியாக 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவின் ஷைஸரி ஒரு நூல் எழுதினார். அது என்ன சொல்கிறது? எடைக்கல் இரும்பாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் ஒன்றோடொன்று உரசித் தேயும், எடை குறையும். தராசுத் தட்டில் ஒட்டிய எண்ணெயை அடிக்கடி துடைக்க வேண்டும், ஒரு துளி உறைந்தாலும் எடை மாறும். மாவு பிசைபவர் தும்மினால் மாவில் தெறிக்காமலிருக்க வாயை மூடிக் கட்ட வேண்டும். வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் துணி கட்ட வேண்டும். ஈ விரட்ட அருகில் ஓர் ஆள் நிற்க வேண்டும்!

குழாய்த் தண்ணீரும் மின்விசிறியும் இல்லாத காலத்தில் இத்தனை கவனம். இன்று மின்னணுத் தராசு இருக்கிறது, 2009-ஆம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டம் இருக்கிறது, முத்திரை போட அதிகாரி இருக்கிறார். இத்தனையும் இருந்தும், பழக்கூடையின் அடியில் அழுகல் ஏன் இருக்கிறது?

மருத்துவமனையைப் பாருங்கள். சுல்தான் கலாவூன் 1284-இல் கெய்ரோவில் ஒரு மருத்துவமனையைக் கட்டத் தொடங்கினார். ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்று பாராமல் இலவச சிகிச்சை. காய்ச்சலுக்குத் தனி இடம், கண்நோய்க்குத் தனி இடம். செலவுக்கு வக்ஃபுச் சொத்துகளின் வருமானம். மருந்து குறைவாகத்தான் இருந்தது. ஆனால் படுக்க இடமும் பசிக்கு உணவும் நோயாளிக்குக் கிடைத்தன. இன்று மருந்து மலைபோல் இருக்கிறது. ஆனால் நம் மஹல்லாவில் ஒரு கூலித் தொழிலாளி படுத்துவிட்டால், அவரது ஒரு வாரச் செலவை ஏற்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

சகோதரர்களே! அவர்களிடம் கருவி இல்லை, கவனம் இருந்தது. நம்மிடம் கருவி இருக்கிறது, கவனம் எங்கே? முன்னோர் பெருமை நம் கடனை அடைக்காது.

வணிகர்களே, நாளைக் காலை கடை திறந்ததும் முதல் வேலையாகத் தராசுத் தட்டைத் துடையுங்கள். இளைஞர்களே, மஹல்லாவின் நோயாளிகளைத் தெருத் தெருவாகப் பட்டியல் எடுங்கள். பட்டியலோடு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றியே பேசுவோம், இன்ஷா அல்லாஹ்!