முறுக்கை அறிந்த கை



நூற்பு இயந்திரங்களின் வரலாற்றைச் சொல்வோர் ஆர்க்ரைட்டையே நடுநாயகமாக வைக்கிறார்கள். 1771இல் இங்கிலாந்தின் கிராம்ஃபோர்டில் நீர்விசையால் ஓடும் ஆலையை நிறுவியவர் அவர். ஆலைமுறைக்கு அவர் பங்கு பெரிது. ஆனால் நல்ல நூலுக்கு வழி கண்டவர் போல்ட்டன் ஊர்ப்பக்கம் வாழ்ந்த சாமுவேல் கிராம்ப்டன். இன்று அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஹார்கிரீவ்ஸ் 1764 வாக்கில் செய்த ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்தில் ஒருவரே எட்டுக் கதிர்களில் நூற்க முடிந்தது. அந்த நூல் ஊடைக்கு ஆகும். பாவின் இழுவையைத் தாங்காது. ஆர்க்ரைட்டின் உருளை இயந்திரத்தில் நூற்ற நூல் பாவுக்கு ஏற்ற உறுதி கொண்டது, ஆனால் மெல்லிய ரகம் அதில் வராது. மஸ்லின் என்ற மெல்லிய துணிக்கு வேண்டிய நூல் வங்கத்துப் பெண்களின் விரல்களுக்கே கைவந்திருந்தது.

கிராம்ப்டன் சிறுவயதில் தந்தையை இழந்தவர். தாய் விதித்த அளவை நாள்தோறும் ஜென்னியில் நூற்றாக வேண்டும். அறுந்த இழைகளை ஒட்டுவதிலேயே பொழுது போகும். அந்தச் சலிப்புதான் 1779இல் மியூல் என்ற நூற்பு இயந்திரமாக உருவெடுத்தது.

அதன் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உருளைகள் திரியை இழுத்து மெலிதாக்கித் தர, கதிர்கள் சுழன்றபடியே இருக்க, அவை பூட்டிய வண்டி பின்னோக்கி நகர்கிறது. முறுக்கு எப்போதும் இழையின் மெல்லிய பகுதிக்கே முதலில் ஓடும். அங்கே இழை இறுகிவிடும். தடித்த பகுதி தளர்வாகவே இருக்கும். உருளைகள் நின்றபின் வண்டி இன்னும் சற்று இழுக்கும்போது, தளர்ந்த அந்தத் தடிப்பு மட்டும் நீண்டு மெலியும். இழை முழுவதும் ஒரே சீராகிறது. பிறகு வண்டி திரும்பி வருகையில் நூல் கதிரில் சுற்றிக்கொள்கிறது. கைராட்டையில் நூற்பவர் கையை நீட்டி இழுத்துச் செய்வதும் இதுவே.

80ஆம் நம்பர் நூல்கூட கிராம்ப்டனுக்குக் கிடைத்தது. ஒரு பவுண்டு பஞ்சில் 67,200 கெஜம் நூல்! இங்கிலாந்தில் மஸ்லின் நெசவு தழைக்க இந்த நூல் வழி செய்தது.

கிராம்ப்டன் காப்புரிமை பெறவில்லை. பணம் தருவதாக உற்பத்தியாளர்கள் கையெழுத்திட்டதை நம்பி இயந்திரத்தை ஊரறியக் காட்டினார். கைக்கு வந்ததோ சொற்பம். 1811இல் அவரே ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தபோது, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மியூல் கதிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. மறு ஆண்டு நாடாளுமன்றம் 5,000 பவுண்டு பணம் வழங்கியது. அதைப் பரிசு என்பது தவறு. ஒரு நாடு தான் பட்ட கடனில் சிறு பகுதியைத் திருப்பித் தந்தது, அவ்வளவுதான்.

ஜவுளித் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலைக்குள் நுழையும் முன் தக்ளியில் ஒரு முழமாவது நூற்றுப் பாருங்கள். முறுக்கு மெல்லிய இடம் தேடி ஓடுவதை உங்கள் விரலே முதலில் அறியட்டும்.