இரத்தப் புற்றுநோயாளருக்கு நேரும் பூஞ்சைத் தொற்றும் மாவட்ட மருத்துவத்தின் கடமையும்

கடும் மைலாய்டு லுகேமியாவுக்குத் தீவிர கீமோதெரபி கொடுத்தபின் நியூட்ரோபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கி, இரண்டு மூன்று வாரங்கள் வரை அப்படியே கிடக்கும். மூச்சோடு உள்ளே போகும் பூஞ்சையை எதிர்ப்பதில் முதன்மையான அணுக்கள் இவை. இவை குறைந்த நாட்களில் வித்து நுரையீரலில் முளைத்து, இழையாக நீண்டு, இரத்தக் குழாயைத் துளைக்கிறது. புற்றுநோய் மருந்துக்குக் கட்டுப்பட்ட நிலையிலும் உயிரைப் பறிக்கக்கூடிய இந்த ஊடுருவும் தொற்றே இம்மாநாட்டின் பொருள்.

குமரி மாவட்டத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. இங்குள்ள நோயாளிகள் 1981-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடந்துவரும் வேலூர் சி.எம்.சி.க்கோ செல்கிறார்கள். ஊர் திரும்பியபின் வரும் காய்ச்சலை முதலில் பார்ப்பவர் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மருத்துவரே. வீட்டுச் சூழலும் பூஞ்சைக்கு உகந்தது: இரு பருவமழையின் ஈரம், கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் எழும் வைக்கோல் படப்பு. நனைந்து மக்கிய வைக்கோலை மாட்டுக்கு உதறும்போது கிளம்பும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் மிகுந்திருக்கும். வெள்ளணு குறைந்தவரை அந்தப் பக்கம் விடக்கூடாது என்று வீட்டாரிடம் சொல்லியே அனுப்ப வேண்டும்.

பெரும்பாலும் மூவகைப் பூஞ்சைகள் எதிர்ப்படுகின்றன. கேண்டிடா குடலிலிருந்தோ, சிரைவழி பொருத்திய குழாயிலிருந்தோ இரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் பெரும்பாலும் நுரையீரலைத் தாக்குகிறது. மியூகார் மூக்கையும் சைனஸையும் நுரையீரலையும் அரிக்கிறது. 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை இதுவே. சர்க்கரை நோயும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

கண்டறிவதில் காலமே முதன்மை. ஆன்டிபயாடிக் கொடுத்து நான்கு முதல் ஏழு நாட்களாகியும் காய்ச்சல் விடாவிட்டால் பூஞ்சையைத் தேட வேண்டும். மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் சி.டி. ஸ்கேனில் முடிச்சும் அதைச் சுற்றிய மங்கலும் தெரியலாம். காலக்டோமன்னன் சோதனை ஆஸ்பெர்ஜில்லஸுக்கு உதவும், மியூகாரைக் காட்டாது. தட்டணுக்கள் குறைந்தவரிடம் திசு எடுப்பது கடினம். ஆகவே முழு நிரூபணத்துக்குக் காத்திராமல், வலுவான ஐயத்திலேயே மருந்தைத் தொடங்குவது முறை.

ஆஸ்பெர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் முதல்நிலை மருந்துகளில் ஒன்று. 2002-இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் அதைப் பெற்றவர்களில் சுமார் 71 விழுக்காட்டினரும், பழைய ஆம்ஃபோடெரிசின் பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். ஆனால் வோரிகோனசோல் மியூகாரிடம் செல்லாது. அதற்கு லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேல், இயன்றால் அறுவையும் தேவை. சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கவனித்துவர வேண்டும். கேண்டிடாவுக்குக் கேஸ்போஃபங்கின் வகை மருந்து ஏற்றது. இயன்றவரை குழாயையும் அகற்ற வேண்டும். வின்கிறிஸ்டின் பெறுபவருக்கு வோரிகோனசோல், போசகோனசோல் கொடுத்தால் நரம்புப் பாதிப்பு கடுமையாகலாம். மைலாய்டு லுகேமியாவின் தொடக்கக் கீமோதெரபிக் காலத்தில் தடுப்பு மருந்தாகப் போசகோனசோல் பயன்படுகிறது.

மாவட்டத்தில் மூன்று ஏற்பாடுகள் வேண்டும்: காய்ச்சல் விடாத நோயாளிக்கு அன்றைக்கே சி.டி. ஸ்கேன், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் எப்போதும் லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் இருப்பு, கீமோதெரபி கொடுத்த மையத்தோடு உடனடித் தொலைபேசித் தொடர்பு. இவற்றுக்கான நெறிமுறையை இம்மாநாடு வகுத்துத் தர வேண்டும்.