நோட்டைத் திறக்கும் முன்

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிற பெண்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததும் என்ன நடக்கும்? ஊக்குநர் நோட்டைத் திறப்பார். பெயர் வாசிப்பார். சேமிப்புப் பணம் கை மாறும். தவணை பாக்கி யார் என்பதில் குரல் ஏறும். கணக்கு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும்.

நம் வட்டாரத்துக்குக் குழு புதிதல்ல. பக்கத்து அலங்காநல்லூரில் 1990-லேயே களஞ்சியம் என்ற பெயரில் மகளிர் சேமிப்புக் குழுக்கள் தொடங்கிவிட்டன. அந்தக் களஞ்சியத்திலிருந்து வந்த சின்னப்பிள்ளை 2001-இல் டெல்லியில் விருது வாங்கியபோது, பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். கூலிக்காக நிலக்காரர்களிடம் நின்று பேசியவர் அவர். ஆனால் இருபது பேர் குழுவில் சின்னப்பிள்ளை மாதிரி ஒருவர் இருந்தாலே அதிகம். தூணோரம் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களை எப்படிப் பேசவைப்பது?

நோட்டைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வரிசையாக எல்லாரும் பதில் சொல்லட்டும், ஊக்குநர் முதலில்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" வேண்டாம். "சௌக்கியந்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்பது நல்ல கேள்வி போலத் தெரியும், அன்று அடுப்பு மூட்டாதவருக்கு அது குத்தும். என்னைக் கேட்டால், "காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?" போதும்.

"நாலு மணிக்கு, வெத்தலை கிள்ளப் போகணும்ல."

"ஆறு மணி. மருமக வந்தாச்சு, எனக்கென்ன!"

சிரிப்பு அடங்குமுன் தூணோரத்திலிருந்து ஒரு பதில் வரும்: "எங்கே தூங்குனேன், அக்கா? சின்னவனுக்கு விடிய விடியக் காய்ச்சல்."

அவர் அன்று பணம் கொண்டுவராதது ஏன் என்று யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை, விதி விதிதான். ஆனால் குழுச் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் யாருக்கு முதலில் என்று பேசும்போது அந்த வீடு நினைவுக்கு வரும்.

ஒன்று மட்டும் கவனம். காய்ச்சல் என்று சொன்ன உடனே ஆளாளுக்குக் கஷாயம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். நமக்கு அது கைவந்த கலை! அதையெல்லாம் கூட்டம் முடிந்து பேசலாம். "அடுத்த ஆளக் கேளுங்கக்கா" என்று ஒருவர் நழுவினால் விட்டுவிடுங்கள். ஆளுக்கு அரை நிமிடம், இருபது பேருக்குப் பத்து நிமிடம். வங்கி அதிகாரி வந்திருந்தால் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்றும் கேளுங்கள்.