குழாய்ப்புழுவுக்கும் ஒரு முகவரி வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதுமே ஒரு நண்பர், "ஏம்பா, மலையடிவாரத்துல படிச்சவனுக்குக் கடல் புழுவோட என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் படித்தது மெக்கானிக்கல். பார்ப்பது கடல்நீரால் குளிரூட்டும் கண்டென்சர் வேலை. அங்கேதான் இந்தப் புழு நமக்கு எதிரே வந்து நிற்கிறது.

செர்ப்புலிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த புழுக்கள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்பவை. தலையில் இறகு போன்ற கொத்து. மூச்சுக்கும் உணவுக்கும் அதுதான். ஆபத்து என்றால் உள்ளே இழுத்துக்கொண்டு, பெரும்பாலான இனங்கள் ஒரு மூடியால் வாசலை அடைத்துக்கொள்ளும். நாம் குளோரின் விட்டாலும் அதே கதைதான். கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்! கண்டென்சர் குழாயின் உள்சுவரில் இந்தச் சுண்ணாம்பு படிந்தால் நீரோட்டம் குறையும், வெப்பம் கடத்துவது குறையும், படிவுக்கு அடியில் உலோகம் அரிக்கும். அதே மின்சாரத்துக்குக் கூடுதல் எரிபொருள் செலவாகும்.

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாவது 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. கடலடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக அங்கே நீர் வருகிறது. பச்சை ஆளி, கொட்டலசு, குழாய்ப்புழு எல்லாமே அந்த நீரோடு வரும் விருந்தாளிகள். எது, எந்த மாதத்தில், எவ்வளவு ஒட்டுகிறது என்று அங்குள்ள விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். குளோரின் அளவைத் திட்டமிட அந்தப் பதிவுதான் ஆதாரம்.

இதில் பெயர் ஏன் முக்கியம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். 1768-ல் நார்வே நாட்டுக் கடலில் கண்ட புழுவுக்கு ஹைட்ராய்டஸ் நார்வேஜிகா என்ற இனப்பெயர் வந்தது. 1883-ல் சிட்னி துறைமுகத்துப் புழு ஒன்றை ஹாஸ்வெல் விவரித்தார். இன்று அது ஹைட்ராய்டஸ் எலிகன்ஸ். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. அதனால் வெப்பநாட்டுத் துறைமுகங்களில் கிடைத்ததையெல்லாம் பல ஆண்டுகள் நார்வேஜிகா என்றே எழுதினார்கள். நம் துறைமுகங்களைப் பற்றிய பழைய கட்டுரைகளிலும் அந்தப் பெயர்தான். 1971-ல் சிப்ரோவியஸ் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். நார்வேஜிகா குளிர்கடல்வாசி. நம் துறைமுகத்தில் ஒட்டுவது எலிகன்ஸ். கப்பல் அடியில் ஒட்டி உலகம் சுற்றும் இனம்.

பெயர் மாறினால் வாழ்க்கை வரலாறே மாறுகிறது. எலிகன்ஸ் குஞ்சு வெதுவெதுப்பான நீரில் சுமார் 5 நாள் மிதந்தாலே ஒட்டத் தயார். பாக்டீரியாப் படலம் படிந்த பரப்பையே தேடி ஒட்டும். ஆக, அந்தப் படலத்தைத் தடுப்பதுதான் முதல் காவல். குளிர்கடல் புழுவின் கணக்கை வைத்துக்கொண்டு வங்கக்கடலில் அட்டவணை போட்டால் உருப்படுமா?

பவளப்பாறையில் வண்ணக் கூம்பாக விரியும் கிறிஸ்துமஸ் மரப்புழுவுக்கும் இதே கதை. ஸ்பைரோபிராங்கஸ் ஜைஜான்டியஸ் என்று நம் பகுதியிலும் எழுதினார்கள். அந்தப் பெயர் உண்மையில் கரீபியன் கடல் இனத்துக்கு உரியது. மன்னார் வளைகுடாப் பழைய பட்டியல்களை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபாவெல் 1953-ல் எழுதிய இந்திய விலங்கின நூல் இன்றும் நமக்கு அடிப்படை. ஆனால் அடித்தளத்தோடு வீடு முடிந்துவிடாதே!

பழைய பதிவு சரியா தவறா என்று எப்படிச் சோதிப்பது? மாதிரி பாட்டிலில் பத்திரமாக இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். பெயர் மட்டும் காகிதத்தில் இருந்தால் என்ன செய்வது? நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கிரிவலத்தில் "லிங்கத்துக்கிட்ட நிக்கிறேன்" என்றால் யாராவது கண்டுபிடிக்க முடியுமா? இந்திர லிங்கம் என்றால் கிழக்கு, வருண லிங்கம் என்றால் மேற்கு. எட்டு லிங்கத்துக்கும் திசை உண்டு. அதனால்தான் 14 கிலோமீட்டர் பாதையில் யாரும் தொலைவதில்லை. புழுவுக்கும் அப்படியே. இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, ஆழம், நீரின் வெப்பம், உப்பு அளவு, எதன்மேல் ஒட்டியிருந்தது - இவ்வளவும் வேண்டும். மூடியின் வடிவம் தெரிய ஒரு புகைப்படம், மரபணுச் சோதனைக்காக ஆல்கஹாலில் ஒரு மாதிரி, இவையும் வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நமக்குக் கடல் இல்லை என்று நினைக்காதீர்கள். சாத்தனூர் அணையைத் தாண்டும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அதுபோன்ற முகத்துவார உப்புநீரில் வாழவென்றே ஃபிகோபொமாட்டஸ் என்றொரு குழாய்ப்புழு வகை உண்டு. விலங்கியல் படிப்பவர் மூடியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் படிப்பவர் தரவுத்தளம் அமையுங்கள். மெக்கானிக்கல் படிப்பவர் சோதனைத் தகடு செய்து கொடுங்கள். ஒரு தகடு, ஒரு கயிறு, ஒரு நோட்டு போதும், தொடங்கிவிடலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையமும் இருக்கின்றன. தயங்காமல் கடிதம் எழுதுங்கள்.

விரல் நீளப் புழுதான். ஆனால் பெயரும் ஊரும் சரியாக எழுதி வைத்தால், நமக்குப் பின்னால் வரும் ஒரு பொறியாளர் தம் வேலையைச் சரியாகச் செய்வார்.