எல்லைப்புறத்து முதியோர்



மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழ்கின்ற நம்மவர் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, முதலில் வினவுவது பெற்றோரின் உடல்நிலையைத்தான். மறுமுனையிலிருந்து வரும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: 'எங்களுக்கு என்ன, சுகமாக இருக்கிறோம்.' பிள்ளைகளின் மனத்தைக் கலக்கலாகாது என்னும் பரிவினால் பிறக்கும் விடை அது. அந்தச் 'சுகம்' என்னும் சொல்லுக்குப் பின்னே மறைந்து கிடப்பவை யாவை, அவற்றிற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம். ஆராய்ச்சிக்குக் களமாக நாம் கொள்வது பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியிலுள்ள எல்லைப்புறச் சிற்றூர்கள்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்துத் தென்கோடி இது. பழைய திருவிதாங்கூரில் அடுத்தடுத்துக் கிடந்த தாலுகாக்களை 1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவழி மாநிலப் பிரிவினை இரு கூறாக்கிற்று. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தின்மீது விழுந்ததேயன்றி, உறவின்மீது விழவில்லை. களியக்காவிளைக்கு இப்பால் அண்ணன் குடியிருக்க, அப்பால் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது இங்கே இன்றும் இயல்பு. இதே தாலுகாவைச் சேர்ந்த பாலராமபுரத்தில், முன்னாளில் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டுக் குடியேறிய சாலியரின் வழியினர் தறி நெய்து வருவதும் பலரும் அறிந்ததே.

1956 இல் பத்து வயதுச் சிறுவராகப் பள்ளி சென்றவர் இன்று எண்பதை எட்டும் அகவையினர். ஆகவே, எல்லை மாறியதைக் கண்ணாற்கண்ட தலைமுறைதான் இன்று முதுமையின் துணையை நாடி நிற்கிறது. அவர்களுள் தமிழில் எழுத்தறிந்தோர் பலர். ஆனால் மருத்துவமனைச் சீட்டும் ஊராட்சி அறிவிப்பும் அவர்கள் கைக்கு வருவதோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். பேச்சில் இரு மொழியும் அவர்க்குத் தடையில்லை, எழுத்தில்தான் இடர். காலையில் உண்ணவேண்டிய மாத்திரை எது, இரவுக்குரியது எது என்பதைப் பேரப்பிள்ளை வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருக்க நேர்கிறது. பேரப்பிள்ளையும் வெளியூரில் இருப்பின் அந்தக் காத்திருப்புக்கு முடிவேது?

இனி, எண்ணிக்கையைச் சற்று நோக்குவோம். 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். அரசு வல்லுநர் குழுவின் மதிப்பீடு, 2031 இல் இவ்விகிதம் தமிழ்நாட்டில் 18.2 ஆகவும் கேரளத்தில் 20.9 ஆகவும் உயரும் என்கிறது. அதாவது கேரளத்தில் ஐவருள் ஒருவர் முதியவராக இருப்பார். மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2014 முதல் 2018 வரையிலான காலத்தில் கேரள மக்களின் சராசரி ஆயுள் 75.3 ஆண்டு; ஆடவருக்கு 72.5, பெண்டிருக்கு 77.9. பெண்ணின் ஆயுள் கூடுதல். மணமுடிக்கும் வயதோ குறைவு. எனவே கணவனை இழந்தபின் நெடுங்காலம் தனித்து வாழும் நிலை பெண்களுக்கே மிகுதியும் நேர்கிறது.

இம்மாற்றம் துயரச் செய்தியன்று. குழந்தை இறப்புக் குறைந்ததும், பெண்கல்வி வளர்ந்ததும், நோய்க்கு மருந்து கிட்டியதுமே மக்களை நீண்டகாலம் வாழவைத்தன. ஆயினும் குடும்பங்கள் சிறுத்தன. இரு மாநிலங்களிலும் பெண் ஒருவருக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரியாக 1.8 என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இருக்கின்ற ஒன்றிரண்டு பிள்ளைகளும் வேலை தேடிப் பிற மாநிலங்களுக்கும் கடல் கடந்தும் செல்லுகின்றனர். வீட்டில் எஞ்சுவோர் எழுபது வயது மனைவியும் எண்பது வயது கணவரும். நோயாளியைத் தூக்கி இருத்துகின்ற கைகளே நடுங்கும் கைகள்.

முதுமையில் வரும் நோய்கள் ஆரவாரத்தோடு வருவன அல்ல. இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஓசையின்றி வேலை செய்வன. 'தலைசுற்றல் நின்றுவிட்டது, இனி மாத்திரை எதற்கு?' என்று நிறுத்திவிடுவோர் பலர். அழுத்தம் குறைந்தது மாத்திரையினாலேயே என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் அருகில் இல்லை. ஒருநாள் வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சுக் குழறினால், அது பக்கவாதம். இரத்தக்கட்டினால் வந்த பக்கவாதமாயின், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். 'விடியட்டும், பார்க்கலாம்' என்று கிடத்திவைக்கும் ஓர் இரவு, எஞ்சிய ஆயுள் முழுவதையும் படுக்கையில் ஆக்கிவிடக்கூடும். ஆனைக்கும் அடிசறுக்கும் என்பர். முதியவருக்குச் சறுக்கும் ஓர் அடி இடுப்பெலும்பை முறித்துவிடுகிறது. பாசி படிந்த கிணற்றடியும் விளக்கில்லாத குளியலறையும் நோய்க்கிருமியினும் கொடியவை. குழித்தறியிலும் ரப்பர்த் தோட்டத்திலும் வயலிலும் உழைத்த முழங்கால்கள் தேய்ந்திருக்கும்; கண்ணில் புரை படர்ந்திருக்கும். இவை ஒன்றோடொன்று சேர்ந்தே விழுகையை விளைவிக்கின்றன.

வெற்றிலையோடு புகையிலையும் மெல்லும் பழக்கத்தின் பயனாக வாய்ப்புற்று நோய் இப்பகுதியில் பழமையான துன்பம். அதற்கு மருத்துவம் செய்வதில் பெயர்பெற்றது நெய்யூர் மருத்துவமனை. 1838 இல் அங்கே தொடங்கிய மருத்துவத் தொண்டில், எவரெஸ்ட் சிகரப் பயணங்களில் பங்குகொண்ட அறுவை மருத்துவர் சாமர்வெல் பிற்காலத்தில் பல்லாண்டு உழைத்தார். நெய்யூர் இன்று தமிழ்நாட்டில். அவர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி விளங்கும் காரக்கோணமோ கேரளத்தில். நோயாளிகளும் அவ்வாறே இருபுறமும் கடந்து செல்வர். பாறசாலையில் தாலுகா மருத்துவமனையும், நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும் உள்ளன. பெரிய சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் உண்டு. ஆகவே, மருத்துவமனை இல்லாத நாடு என்று இதனைச் சொல்ல இயலாது. குறை, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவில் இருக்கிறது. படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கு அடுத்த தெருவும் அயல்நாடே.

இத்தொலைவைக் குறைக்கும் முயற்சியில் கேரளம் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. 1993 இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டி மருத்துவர் இராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். தீராத நோயையும் பேணலாம், வலியைத் தணிக்கலாம் என்பது அதன் கொள்கை. ஊர்மக்களே தொண்டராய் வாரத்தில் சில மணி நேரம் நல்கும் முறை அதிலிருந்து கிளைத்தது. 2008 இல் மாநில அரசு இதனைத் தன் கொள்கையாக அறிவித்தது. ஊராட்சியின் பொறுப்பில், ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைந்த செவிலி ஒருவர் வீடுதேடி வருகின்றார். 'பாலியேட்டிவ் நர்ஸ்' என்று ஊரார் வழங்குவது இவரையே. படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுவார். சிறுநீர்க் குழாயை மாற்றுவார். நோயாளியை எவ்வாறு புரட்டிப் படுக்கவைப்பது என்பதை வீட்டாருக்குக் கற்பிப்பார்.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை இல்லத்திற்கே கொணர்கிறது. இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்பும் அதில் அடங்கும். இரண்டும் நற்பணிகளே. எனினும் ஒவ்வொன்றும் தன் எல்லைக் கோட்டில் நின்றுவிடுகிறது. கேரளத்தில் குடும்ப அட்டை உடைய தாய், நோயுற்ற காலத்தில் விளவங்கோட்டிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்று தங்கினால், இப்பக்கத்துச் செவிலி அங்கே வரமாட்டார்; அப்பக்கத்துப் பட்டியலில் அவர் பெயர் இராது. முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை அக்ஷயா மையத்தில் கைரேகை வைத்து உறுதிப்படுத்த வேண்டும். அது தவறினால் பணம் தடைப்படும். 2020 இல் கொரோனாத் தொற்றின்போது எல்லைக் கடப்புக் கட்டுப்படுத்தப்பட்ட நாட்களில், உறவும் மருத்துவரும் மறுபுறத்தில் இருந்தவர் பட்ட இன்னல் பெரிது. இரு மாநில அரசுகளும் எல்லை ஊர்களுக்கெனப் பொதுவான ஓர் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும். ஒரு மாநிலத்துச் செவிலியின் குறிப்பேட்டை மறு மாநிலத்துச் செவிலி ஏற்றுக்கொள்ளுமளவுக்கேனும் அது அமைதல் நன்று.

மொழியைப் பொறுத்தும் ஒரு வழி உண்டு. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையோர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே விடை பெறவும் இடமளிக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். மாத்திரை உறையின்மேல் இரண்டு சொல் தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கேட்பது இவ்வுரிமையின் உணர்வுக்கு ஒத்ததே.

அரசுகள் செய்வன செய்யட்டும். தொலைவில் வாழும் நாம் செய்யக்கூடுவன யாவை? பணம் அனுப்புதல் கடமையின் ஒரு பாதி. மறுபாதிக்குச் செலவு சிறிது, கருத்தே பெரிது. அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது ஊராட்சிச் செவிலியையும் ஆஷா பணியாளரையும் நேரிற் கண்டு அவர்தம் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வோம். பெற்றோர் உண்ணும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். குளியலறையில் பிடித்து நிற்க ஒரு கம்பியும், இரவில் எரிய ஒரு சிறு விளக்கும் அமைப்போம். 108 என்னும் அவசர ஊர்தி எண் இரு மாநிலங்களுக்கும் பொது. ஆதலின் அழைக்கும்போது ஊரோடு மாநிலத்தின் பெயரையும் சொல்லுமாறு வீட்டாருக்குப் பழக்குவோம்.

பெற்றோரை நம்மிடமே அழைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவர் விரும்பி வருவாராயின் நன்று. ஆனால் முற்றத்தில் நின்று அயலாரோடு பேசி வாழ்ந்தவரை, மொழியறியாத நகரின் ஏழாம் மாடியில் இருத்துவதும் ஒருவகைத் தனிமையே. அவர் விருப்பத்தைக் கேட்டறிதல் முதற்கடமை.

மற்றொருவரையும் நாம் மறத்தல் ஆகாது. ஊரில் இருந்து பெற்றோரைப் பேணுகின்ற தங்கையோ அண்ணியோ ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். இரவுபகல் பாராத அவர்தம் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விடுமுறையில் செல்லும் நாம் விருந்தினராக அமர்ந்திராமல், பத்து நாளேனும் அப்பணியை ஏற்று அவருக்கு ஓய்வளித்தல் முறை.

கைவிடப்பட்ட முதியோருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2007 ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி அவர்கள் தீர்ப்பாயத்தில் மனுச்செய்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை பெறலாம். பேணுவதாக உறுதிகூறிச் சொத்தை எழுதி வாங்கியவர் பேணாது விட்டால், அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. 14567 என்னும் எண்ணில் முதியோருக்கான தேசிய உதவி கிட்டும். எனினும் பெற்றோர் பிள்ளைமீது மனுச்செய்வது அரிது. மானம் அவர் வாயை அடைத்துவிடும். ஆதலின் சட்டத்தின் வாயிலுக்கு அவர்களைச் செல்லவிடாமல் காப்பதே நம் பொறுப்பு.

இன்று இரவு ஊருக்குப் பேசும்போது, 'சுகமா?' என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், 'மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது? செவிலி கடைசியாக என்று வந்தார்? இரவில் எழுந்து செல்ல விளக்கு எரிகிறதா?' என்று கேட்போமாக. விடைகள் உண்மையாக வரும்; நாம் செய்ய வேண்டியதும் அவற்றிலிருந்தே தெளிவாகும்.