வந்தேறி என்றவர்களுக்கு வாழ்ந்து காட்டியவர்



'வெளியிலிருந்து வந்தவனுக்கு இந்த நாட்டில் என்ன உரிமை?' நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே நம் காதில் விழுகிற கேள்வி இது. இதே கேள்வியை அமெரிக்காவில் எதிர்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் பத்திரிகையாளர், படைத்தலைவர், நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். பெயர் கார்ல் ஷுர்ஸ்.

1829ஆம் ஆண்டு ஜெர்மனியில், கொலோன் நகருக்கு அருகே பிறந்தார். போன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மக்களாட்சி கேட்டுப் போராடியவர்களோடு சேர்ந்தார். 1849இல் கிளர்ச்சி தோற்றது. ராஷ்டாட் கோட்டை அரசுப் படையிடம் வீழ்ந்தபோது, கழிவுநீர்க் கால்வாய் வழியாகத் தப்பினார். தப்பியவர் சும்மா இருந்தாரா? இல்லை! ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்த தம் பேராசிரியர் கிங்கெலை மீட்க மறுபடியும் ஊருக்குள் நுழைந்தார். 1850 நவம்பரில், சிறைக்காவலர் ஒருவரின் துணையோடு அவரைக் கயிற்றில் இறக்கி, கப்பலேற்றிக் கொண்டுபோனார். அப்போது ஷுர்ஸுக்கு வயது 21!

1852இல் மனைவி மார்கரெட்டாவோடு அமெரிக்கா வந்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாது. இலக்கண நூலைத் தொடவில்லை. நாளிதழைக் கையில் எடுத்தார். தலையங்கம் முதல் விளம்பரம் வரை தினமும் படித்தார். ஆங்கிலப் பகுதியை ஜெர்மனில் பெயர்த்து, அதையே மீண்டும் ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டார்.

ஆங்கிலம் வந்தது. ஆனால் ஜெர்மன் வீட்டைவிட்டுப் போகவில்லை. 1856இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மார்கரெட்டா ஒரு பாலர் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் பாலர் பள்ளி என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளியில் ஒலித்த மொழி ஜெர்மன்!

1859இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. குடியேறியவர்கள் குடியுரிமை பெற்ற பிறகும், வாக்களிக்க இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமாம். ஷுர்ஸ் பாஸ்டன் நகருக்கே போய் மேடையேறி அதை எதிர்த்தார். மறு ஆண்டு லிங்கனுக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்.

உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்கு எதிரான தரப்பில் படைத்தலைவரானார். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் போர்க்களத்தில், நம் பக்கவாட்டில் பாதுகாப்பு இல்லை என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. எதிரி அதே பக்கத்தில் பாய்ந்தான். படை சிதறியது. பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? 'ஜெர்மன்காரர்கள் ஓடிவிட்டார்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. விசாரணை வையுங்கள் என்று ஷுர்ஸ் கேட்டார். கிடைக்கவில்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுக்க வந்தவனுக்கு நாடு கொடுத்த பட்டத்தைப் பாருங்கள்!

மனம் கசந்து அவர் ஒதுங்கிவிடவில்லை. 1867இல் செயின்ட் லூயிஸ் நகரில் 'வெஸ்ட்லிஷே போஸ்ட்' என்ற ஜெர்மன் நாளிதழின் ஆசிரியர்களில் ஒருவரானார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜோசப் புலிட்சர் செய்தியாளராகத் தொழில் பழகியது இந்தத் தாய்மொழி ஏட்டில்தான். 1869இல் ஷுர்ஸ் அமெரிக்க மேலவையில் அமர்ந்தார். ஜெர்மனியில் பிறந்து அங்கு அமர்ந்த முதல் மனிதர் அவரே. 'சரியோ தவறோ, இது என் நாடு' என்ற வாசகத்தை 1872இல் அவர் அதே அவையில் திருத்திக் காட்டினார். நாடு சரியான பாதையில் போனால் அதில் நிலைக்கச் செய்ய வேண்டும், தவறினால் திருத்த வேண்டும் என்றார். நாட்டுப்பற்றுக்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டா?

இங்கேயே கைதட்டி முடித்துவிடலாம். ஆனால் கதை முடியவில்லை. 1877 முதல் 1881 வரை அவர் உள்துறை அமைச்சர். பூர்வகுடிகளின் பொறுப்பும் அவர் கையில்தான். 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி திறக்க ஒப்புதல் கொடுத்தவர் இவர். பிள்ளைகளின் தலைமுடியை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் பேசக் கூடாது என்றார்கள்.

எண்ணிப் பாருங்கள். தம் மொழியில் நாளிதழ் நடத்தியவர்! மனைவி தம் மொழியில் பாலர் பள்ளி நடத்தியதைப் பார்த்தவர்! பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நன்மை செய்கிறோம் என்றுதான் நம்பினார். ஆனால் தம் வீட்டுக் குழந்தைக்கு இருந்த உரிமை அந்தப் பிள்ளைக்கும் உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை.

1906இல் நியூயார்க்கில் ஷுர்ஸ் மறைந்தார். அங்கே ஒரு பூங்கா இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. தாய்மொழியைக் கைவிடாமலே ஒரு நாட்டுக்கு உண்மையாக உழைக்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. நமக்குக் கிடைத்த உரிமையை நமக்கும் கீழே நிற்பவனுக்குக் கொடுக்க மறந்துவிடுவோம் என்பதற்கும் அதே வாழ்க்கைதான் சாட்சி.

நம் மொழிக்கு இடம் கேட்போம், உரக்கவே கேட்போம். கேட்கும்போது, அடுத்தவர் மொழிக்கு நாம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம் என்றும் ஒரு முறை திரும்பிப் பார்ப்போம்.