முதலாளியின் நேரம் எங்கே போகிறது?

(சிறு வணிகர்களுக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)

 

இந்தக் கருத்தரங்கிற்காகச் சென்ற மாதம் நானும் எங்கள் ஒளிப்பதிவாளரும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். "அண்ணே, கருத்தரங்கிற்கு வருகிறீர்களா?" என்று கேட்டோம். பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றுதான். "வரணும்னு ஆசைதான் தங்கச்சி, நேரம் எங்கே இருக்கு?" நேரத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டத்திற்கு வர நேரமில்லை! நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் அந்தப் பதிலை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள்.

என் அப்பா கிள்ளானில் 22 ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தினார். காலை ஆறு மணிக்குத் திறப்பார், இரவு பத்தரைக்கு மூடுவார். பள்ளி விளையாட்டுப் போட்டி, உறவுக்காரர் கல்யாணம், எதற்கும் அம்மாதான் வருவார். நான் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த ஆண்டு, ஒரு நாள் காலையில் அரிசி மூட்டையை இறக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆறு வாரம் மருத்துவமனை. அதில் முதல் நான்கு வாரம் பேச்சே வரவில்லை.

அம்மா கடையைத் திறந்தார். யார் எவ்வளவு பாக்கி? அப்பாவின் தலைக்குள் இருந்தது. எந்த மொத்த வியாபாரி எத்தனை நாள் தவணை தருவார்? அதுவும் அப்பாவின் தலைக்குள். உரிமம் எப்போது முடிகிறது, காப்புறுதி எங்கே இருக்கிறது, எந்தச் சாமான் எவ்வளவு அடக்கம், எல்லாமே தலைக்குள். எங்களிடம் இருந்தது சாவி மட்டும்தான். நான்கே மாதத்தில் கடையை மூடினோம். வாடிக்கையாளர்கள் கடைசி நாள் வரை வந்துகொண்டுதான் இருந்தார்கள். வியாபாரம் நொடித்து அந்தக் கடை மூடப்படவில்லை. அது ஒரே மனிதரின் மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் படுத்ததும் அதுவும் படுத்துவிட்டது.

அப்பா உழைப்புக்கு அஞ்சியவர் அல்ல. நாள் ஒன்றுக்குப் பதினாறு மணி நேரம் கடைக்காக ஓடியவரிடம், கடையைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வாரத்திற்கு இரண்டு மணி நேரம் இருந்ததில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை எப்படி எடுப்பது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

555 புத்தகத்தை எடுங்கள்

நம் நாட்டுக் கடைக்காரர்களுக்கு 555 குறிப்புப் புத்தகத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடன் எழுதி எழுதியே தேய்ந்த புத்தகம் அது. நான் கேட்பதெல்லாம், புதிதாக ஒரு 555 வாங்கி, ஒரு வாரம் மட்டும் அதில் உங்கள் நேரத்தைக் கடன் எழுதுவது போல் எழுதுங்கள். யாருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தோம், எதற்காகக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா எங்களுக்காக இதைச் செய்து பார்த்தார். ஏழு நாள் முடிந்து கூட்டிப் பார்த்தபோது அவரே அதிர்ந்து போனார். "மாலை என்ன விலை?" என்று கேட்டுவரும் அழைப்புகளுக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் பதில் சொன்னது 9 மணி நேரம். சில்லறை மாற்றவும் பணம் கட்டவும் வங்கிக்குப் போய், கார் நிறுத்த இடம் தேடித் திரும்பியது 4 மணி நேரம். நூல் தீர்ந்தது, பை தீர்ந்தது என்று ஓடி வாங்கி வந்தது 5 மணி நேரம். ஆகமொத்தம் 18 மணி நேரம். பூவைப் பார்த்து எடுப்பது, கல்யாண வீட்டாரிடம் பேசுவது, மணமாலைக்கு வடிவம் சொல்வது என்று அவர் கைபட்டே ஆக வேண்டிய வேலைக்கு அந்த வாரம் கிடைத்ததோ 16 மணி நேரம்தான்.

அவர் செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. மாலை வகைகளைப் படம் பிடித்து விலை போட்டு, கேட்பவர்களுக்கு அதையே அனுப்புகிறார். கியூஆர் அட்டையைக் கல்லாவில் ஒட்டியதால் சில்லறைத் தேவை குறைந்தது. பூ வியாபாரிகளுக்குக் கைப்பேசி வழியே பணம் போகிறது. நூலும் பையும் எந்த அளவுக்குக் குறைந்தால் வாங்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டார், அதைப் பார்த்து வேலை செய்யும் பெண்ணே சொல்லிவிடுகிறார். கடையில் வேறெதுவும் மாறவில்லை.

எழுதி முடித்ததும் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். நான் மட்டுமே செய்யக்கூடியது, வேறொருவரும் செய்யக்கூடியது, யாருமே செய்யத் தேவையில்லாதது. மூன்றாவது பிரிவு எல்லாக் கடையிலும் உண்டு. அது இல்லை என்று சொல்கிறவர் இன்னும் எழுதவில்லை என்று பொருள்.

மலாயாவில் இருந்த பேராசிரியர்

நேரத்தைப் பற்றி உலகம் முழுதும் பேசப்படும் ஒரு விதி உண்டு. பார்க்கின்சன் விதி என்பார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ, அந்த நேரம் முழுவதையும் தின்னும் வரை அந்த வேலை நீண்டுகொண்டே போகும் என்பது அதன் சாரம். 1955-இல் லண்டன் எக்கனாமிஸ்ட் வார இதழில் இதை எழுதியவர் நார்த்கோட் பார்க்கின்சன். அப்போது அவர் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களைக் கேலி செய்து எழுதிய அந்த விதி, நம் கடைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

"இன்றைக்குள் சரக்கு எண்ணி முடித்துவிட வேண்டும்" என்றால் இரவு பத்து மணிக்கும் எண்ணிக்கொண்டிருப்போம். "இரண்டிலிருந்து மூன்றுக்குள்" என்றால் மூன்றே காலுக்காவது முடியும். ஆகவே வேலைக்கு நாள் குறிக்காதீர்கள், மணி குறியுங்கள்.

கடை நேரத்திற்கும் இதே கணக்குதான். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணன் ஒருவர் ஒரு மாதம் மணிக்கு மணி கல்லாவைக் குறித்தார். மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை வந்த பணம், அந்த நேரத்து மின்சாரத்திற்கும் சம்பளத்திற்கும்கூடப் போதவில்லை. இப்போது அந்த இரண்டரை மணி நேரம் கதவு மூடியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நிலைமை வேறு. 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறந்த பிறகு, ரயில் பயணிகளின் காலை மாலை நடமாட்டம்தான் அங்குள்ள வடைக் கடைக்காரருக்கு வருமானம். அவர் மதியம் தூங்கலாம், மாலை ஆறு மணிக்குத் தூங்கக் கூடாது. அவரவர் கடைக்கு எது பொன்னான நேரம் என்பதை அவரவர் கல்லாதான் சொல்லும்.

தேதிகளைத் தலையில் சுமக்காதீர்கள்

அரசாங்கத் தேதிகள் நம்மை விரட்டும் அளவுக்கு வாடிக்கையாளர்கூட விரட்டுவதில்லை. ஆனால் அவை முன்கூட்டியே தெரிந்தவை. ஊழியர் சேமநிதி, சொக்சோ, மாதாந்திர வருமான வரிப் பிடித்தம், மூன்றுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிதான் கெடு. அப்படியானால் 10-ஆம் தேதி காலை ஒரு மணி நேரத்தை நிரந்தரமாக அதற்கே எழுதிவிடுங்கள். தனிநபர் வணிகத்திற்கான "பி" பாரத்திற்கு ஜூன் 30 கெடு. ஏப்ரலில் கணக்கைக் கணக்காளரிடம் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் தூக்கம் வரும். வணிகப் பதிவை நிறுவனங்கள் ஆணையத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதில்லை, ஐந்து ஆண்டு வரை ஒரே தடவையில் புதுப்பிக்கலாம். ஐந்து தடவை அலையும் வேலை ஒரே தடவையில் முடிகிறது.

வரிக்கான ரசீதுகளை ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். மாதத்திற்கு ஓர் உறை என்று போட்டு வந்தாலே போதும், ஜூன் மாதத்தில் குப்பையைக் கிளற வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறை கட்டம் கட்டமாக விரிந்து வந்திருக்கிறது. உங்கள் விற்பனைத் தொகைக்கு என்ன விதி, விலக்கு உண்டா என்பதை வருமான வரி வாரியத்திடமோ கணக்காளரிடமோ கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

தீபாவளியும் தைப்பூசமும்கூட நாட்காட்டியில் இருப்பவைதான். தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விற்பனை தொடங்க வேண்டிய வாரம், சரக்கு வந்து சேர வேண்டிய வாரம், பணம் புரட்ட வேண்டிய வாரம், கூடுதல் ஆளுக்குச் சொல்ல வேண்டிய வாரம். நான்கு வரிதான். அதை எழுதாமல் விட்டால் கடைசி வாரத்தில் விலையும் அதிகம், இரத்த அழுத்தமும் அதிகம்.

ஆளை நம்பலாமா?

நாங்கள் போன இடமெல்லாம் கேட்ட குறை இது. "ஆள் கிடைக்கலை, கிடைச்சாலும் நம்ப முடியலை." ஆள் பற்றாக்குறை உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கையைப் பற்றி நம் முன்னோர் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள்.

நகரத்தார் இந்த நாட்டில் வட்டித் தொழில் நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடை பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். நடுவில் கடல். கப்பலில் கடிதம் போய்ச் சேரவே பல நாள் ஆகும். ஆனாலும் தொழில் நடந்தது. எப்படி? கிட்டங்கியில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள் இருந்தார்கள். பெட்டியடிப் பையனாக வந்தவர் வேலை கற்று அடுத்தாள் ஆவார், பிறகு மேலாள் ஆவார். மேலாளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை, அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். எல்லாவற்றுக்கும் பேரேடும் ஐந்தொகையும் இருந்தன. எழுத்தும் முறையும் இருந்ததால் நம்பிக்கைக்கு இடம் இருந்தது.

திருக்குறளில் 49-ஆவது அதிகாரம் காலமறிதல். அதை மட்டும் எல்லோரும் மேடையில் சொல்வார்கள். அதற்கு அடுத்து வருபவற்றையும் பாருங்கள். 50 இடனறிதல், 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல். காலத்தை அறி, இடத்தை அறி, ஆளைச் சோதித்துத் தெளி, பிறகு அவனிடம் வேலையை ஒப்படை. அரசனுக்குச் சொன்ன இந்த வரிசை கடை முதலாளிக்கும் பொருந்தும். நாம் ஆளைச் சோதிக்காமலே ஒப்படைக்கிறோம், ஏமாந்த பிறகு யாரிடமும் ஒப்படைப்பதில்லை.

ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள். எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்த வேலை. கணவன் மனைவி இருவர் மட்டுமே நடத்தும் கடை என்றால் ஒப்படைக்க ஆள் இல்லைதான். அப்போது ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் இல்லாமல் போனது.

உங்களுக்கு யார் விடுமுறை தருவது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரமும் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது. முதலாளிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அவர் ஓய்வெடுக்கிறாரா என்று எந்த அதிகாரியும் வந்து சோதிக்க மாட்டார். அவருடைய உடம்புதான் ஒரு நாள் வந்து சோதிக்கும்.

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, 555 வாங்கி ஏழு நாள் நேரத்தை எழுதுங்கள். இரண்டாவது, உங்கள் தலைக்குள் இருப்பதை ஒரு புத்தகத்தில் இறக்கி வையுங்கள். பாக்கி யார், கொடுக்க வேண்டியது யாருக்கு, எந்த உரிமம் எப்போது முடிகிறது, முக்கியத் தாள்கள் எங்கே. அந்தப் புத்தகம் இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியட்டும். மூன்றாவது, வாரத்தில் இரண்டு மணி நேரம் கல்லாவை விட்டு எழுந்து, கடைக்கு வெளியே உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பாருங்கள்.

என் அப்பா இப்போது இந்த நிகழ்ச்சியை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வலது கை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. "உங்க கதையைப் பேசட்டுமாப்பா?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பேசும்மா. ஒருத்தராவது எழுதி வைக்கட்டும்" என்றார்.

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.